பத்து லட்சத்துக்குள்ள பவரான செகண்ட் ஹேண்ட் கார்: வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

"எட்டு பத்து லட்சம் சேத்து வெச்சிருக்கேன், மிதிச்சா சீட்டோட ஒட்டிக்கற மாதிரி ஒரு வண்டி பழசுல கிடைக்குமா?" ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருத்தராவது என்கிட்ட இப்படி கேட்டுடறாங்க. கிடைக்கும். நான் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின்) ஒண்ணு செகண்ட் ஓனரா வாங்கி அஞ்சு வருஷமா கோயம்புத்தூர்ல ஓட்டிட்டு இருக்கேன், காலைல சாவி போடறப்ப இன்னமும் அதே சந்தோஷம் இருக்கு. ஆனா என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கிட்டத்தட்ட அதே வண்டிய என்னைவிட ஒண்ணரை லட்சம் கம்மியா வாங்கி ஒரு வருஷம்கூட முழுசா ஓட்ட முடியாம வித்துட்டான். ரெண்டு வண்டிக்கும் மாடல் ஒண்ணு, வருஷம் ஒண்ணு, கலரும் ஒண்ணு. என் வண்டியோட பழைய ஓனர் ஒவ்வொரு பில்லையும் ஃபைல் பண்ணி வெச்சிருந்தாரு, அவன் வண்டிக்கு அப்படி எதுவுமே இல்ல. புதுசா வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்ல நினைக்கறது பூரா இதச் சுத்திதான் இருக்கும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல காசு

பத்து லட்சம் கையில இருந்தா எட்டு லட்சத்துக்கு வண்டி பாருங்க. மீதி ரெண்டு லட்சம் அந்த வண்டிக்கேதான் போகும், ஆனா வாங்கின பிறகு. இதுல நிறைய பேரு மாட்டிக்கறாங்க, பத்து லட்சமும் போட்டு வண்டிய எடுத்துட்டு அடுத்த மாசம் டயர் மாத்த கடன் வாங்கறாங்க. ஏன்னா புதுசுல 20 லட்சத்துக்கு மேல வித்த காரு இப்ப எட்டு லட்சத்துக்கு வந்துடுச்சுன்னாலும் அதோட பிரேக் டிஸ்க்கு, சஸ்பென்ஷன் ஆர்மு, கிளட்ச் இதெல்லாம் இன்னமும் 20 லட்ச ரூபா வண்டிக்கான விலைலதான் விக்குது. வண்டி விலை இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது. 

லோன் போட்டு வாங்கறவங்க இன்னொண்ணும் கவனிங்க, பழைய வண்டிக்கு வட்டி புது வண்டிய விட அதிகம், வண்டி வயசு ஏற ஏற பேங்க்காரங்க கொடுக்கற தொகையும் வருஷமும் குறையும். இன்சூரன்ஸும் முன்னாடியே விசாரிச்சுடுங்க. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது பார்ட்ஸ் தேய்மானத்த கழிக்காம க்ளெய்ம் கொடுக்கற பாலிசி, கிடைக்கறது கஷ்டம், கிடைக்கலைனா பம்பர் ஹெட்லைட் உடைஞ்சா பாதிக்கு மேல நம்ம கைக்காசுதான்.

எந்த வண்டி?

ரெண்டு கதவு, தாழ உக்கார்ற நெஜமான ஸ்போர்ட்ஸ் காருன்னு பாத்தா போர்ஷே பாக்ஸ்டர், பென்ஸ் எஸ்எல்கே, பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி இதெல்லாம் பழசுல அப்பப்ப வரும், ஃபோட்டோ பாத்தா மனசு அலையும். பத்து லட்சம் பட்ஜெட்காரங்க இத விட்டுடுங்கன்னு நான் நேராவே சொல்லிடறேன். இதெல்லாம் முழுசா இறக்குமதி ஆன வண்டி, நம்ம ஊருல எண்ணிக்கை ரொம்ப கம்மி, ஒரு சென்சார் போனா பார்ட்ஸ் வரவே வாரக்கணக்கா காத்திருக்கணும், மடங்கற மேல்கூரை இருக்கற வண்டில அந்த மெக்கானிசம் ரிப்பேர் ஆனா அத சரி பண்ணத் தெரிஞ்ச ஆளத் தேடி ஊரு விட்டு ஊரு போகணும். அந்த விலைக்கு வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் யாரோ ஒருத்தரு செலவு தாங்காம கைவிட்ட வேலை ஒண்ணு உள்ள பாக்கி இருக்கும். 

அதனால நம்ம பட்ஜெட்டுக்கு பவரான வண்டின்னா ஹாட் ஹேட்ச்சும் (பவர் ஏத்தின சின்ன ஹேட்ச்பேக்) டர்போ பெட்ரோல் செடானும்தான். நான் ஓட்டிப் பாத்து, பக்கத்துல இருந்து பாத்ததுல சொல்றேன்.

ஃபியட்டோட அபார்த் புன்டோ. 2015 அக்டோபர்ல 9.95 லட்சம் எக்ஸ் ஷோரூம் விலைல வந்துச்சு, 1.4 லிட்டர் டர்போ, 145 ஹார்ஸ்பவர், அஞ்சு கியர் மேனுவல், நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக். ஸ்டியரிங் கைக்கு சொல்ற விஷயம் இப்ப வர்ற வண்டிகள்ல கிடைக்கறதே இல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தலைவலி கிடையாது. ஆனா ஃபியட் இந்தியாவுல காரு விக்கறத நிறுத்தி வருஷமாச்சு, பாடி பார்ட்ஸ் தேடறதுதான் பிரச்சனை, முன்னாடி இடிச்ச வண்டின்னா தொடவே தொடாதீங்க. இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட்டு, செயின் இல்ல. கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தாலும் பெல்ட்டுக்கு வயசாகும், மாத்தின பில்லு இல்லைனா மாத்தவே இல்லன்னு வெச்சுக்கிட்டு விலை பேசுங்க. அறுந்தா இன்ஜினே காலி.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013ல வந்தது 1.2 லிட்டர், 105 ஹார்ஸ்பவர், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). சின்ன வண்டி, டவுனுக்கு அருமை, பவர்னு பாத்தா இந்த லிஸ்ட்ல கடைசி. 2020க்கு அப்பறம் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்ல டிஎஸ்ஜிக்கு பதிலா 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியா பவர் கடத்தற வழக்கமான ஆட்டோமேட்டிக்) போட்டாங்க, அது தொந்தரவு கம்மி. மொத தடவ இந்த மாதிரி வண்டி எடுக்கறவங்களுக்கு இந்த 1.0 நல்ல ஆரம்பம், போலோவ 2022ல நிறுத்திட்டாலும் ஊருக்கு ஊரு ஆளுங்க ஓட்டறதால பார்ட்ஸ் கிடைக்குது.

ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. 180 ஹார்ஸ்பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்த சுத்தற இழுவை). வெளிய பாத்தா குடும்ப வண்டி, டிக்கில ஒரு கல்யாண வீட்டு சாமானே ஏத்தலாம், ஹைவேல ஓவர்டேக் பண்ண நினைச்ச மாத்திரத்துல முடிஞ்சிருக்கும். இதுக்கு முந்தின ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ 160 ஹார்ஸ்பவர், மேனுவல் கியர்பாக்ஸோட கிடைக்கும், விலை ரொம்பவே இறங்கிடுச்சு, ஆனா அந்த காலத்து 1.8 இன்ஜின் ஆயில் குடிக்கற பழக்கம் உள்ளது, டைமிங் செயின் டென்ஷனரும் பலவீனம். அதோட ஆர்சி 15 வருஷம் முடியற வயசு. ரின்யூவல், எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்), கிரீன் டாக்ஸ் எல்லாம் வரிசையா வரும், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

ஆக்டேவியா ஆர்எஸ் எல்லாருக்கும் கனவு. 2017ல வந்தது 230 ஹார்ஸ்பவர், 2020ல 245 ஹார்ஸ்பவர்ல 200 வண்டி மட்டும் இறக்கினாங்க. வெச்சிருக்கறவங்க விலைய இறக்கவே மாட்டாங்க, பத்து லட்சத்துக்கு ஒண்ணு வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, ஏன்னு கேளுங்க.

ரிஸ்க் வேண்டாம்ங்கறவங்க ஹூண்டாய் ஐ20 என் லைன் பாக்கலாம், 120 ஹார்ஸ்பவர், சர்வீஸ் சென்டர் எங்க போனாலும் இருக்கு. கொஞ்சம் பட்ஜெட் ஏத்த முடிஞ்சா ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ மேனுவல், 150 ஹார்ஸ்பவர், எக்ஸ்டெண்டட் வாரண்டி மிச்சம் இருக்கற வண்டியா பாத்தா நிம்மதி.

டிஎஸ்ஜி பத்தி தனியா சொல்லியே ஆகணும்

போலோ ஜிடி 1.2, ஆக்டேவியா 1.8, ஸ்லாவியா 1.5, விர்ட்டஸ் 1.5 ஆட்டோமேட்டிக்ல எல்லாம் இருக்கறது டிக்யூ200ங்கற 7 ஸ்பீடு கியர்பாக்ஸ். உள்ள ரெண்டு கிளட்ச், ரெண்டும் ட்ரை, அதாவது ஆயில்ல முங்காத கிளட்ச். சாதாரண மேனுவல் வண்டி கிளட்ச் மாதிரியே தேயும், என்ன ஒண்ணு, மிதிக்கறது நம்ம காலு இல்ல, மெக்கட்ரானிக்ஸ்னு ஒரு யூனிட்டு. டிராஃபிக்ல அங்குலம் அங்குலமா நகர்ந்தா கிளட்ச் பாதி பிடிச்சு பாதி விட்டு சூடாகிட்டே இருக்கும். காந்திபுரம் சிக்னல்ல தினமும் நின்னு ஓடின 50,000 கிலோமீட்டரும் சேலம் பைபாஸ்ல ஓடின 50,000 கிலோமீட்டரும் இந்த கியர்பாக்ஸுக்கு ஒண்ணே கிடையாது. அதனால ஓடோமீட்டர விட ஓனர் வீடு எங்க, ஆபீஸ் எங்கன்னு கேக்கறது முக்கியம்.

இந்த கியர்பாக்ஸ் தாங்கற டார்க் 250 நியூட்டன் மீட்டர். ஆக்டேவியா 1.8 இன்ஜின் கொடுக்கறதும் சரியா 250. அப்ப ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்தறது) போட்டு 320, 330ன்னு ஏத்தின வண்டில கிளட்ச்சும் மெக்கட்ரானிக்ஸும் என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சுக்கங்க. என் ஃப்ரெண்டு வாங்கின வண்டி அதுதான். விக்கறதுக்கு முன்னாடி மேப்ப எடுத்து ஸ்டாக், அதாவது கம்பெனில வந்த மாதிரியே, ஆக்கிட்டாங்க, இவனுக்கு தெரியல, நாலாவது மாசம் அவினாசி ரோட்டுல ஃப்ளைஓவர் மேல கியர் விழாம நின்னுடுச்சு. கிளட்ச் பேக்கும் மெக்கட்ரானிக்ஸும் சேந்து வந்த எஸ்டிமேட்ட பாத்து அவன் அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

230 ஹார்ஸ்பவர் ஆர்எஸ்ல இருக்கறது டிக்யூ250, 6 ஸ்பீடு, ஆயில்ல முங்கற கிளட்ச், இது நல்லா உழைக்கும், ஆனா 60,000 கிலோமீட்டருக்கு ஒருதடவ கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாத்தியே ஆகணும், அந்த பில்லக் கேளுங்க.

எங்க தேடறது

நேரடி ஓனர் கிட்ட வாங்கறதுதான் என்னோட மொத சாய்ஸ். இந்த மாதிரி வண்டிகளுக்கு ஊருக்கு ஊரு ஓனருங்க வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அதுல விலைக்கு வர்ற வண்டிக்கு என்ன வேலை பாத்தாங்கன்னு நாலு பேருக்கு தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது வழி, நீங்க வாங்கப் போற பிராண்டு மட்டுமே பாக்கற வெளி மெக்கானிக் ஒருத்தர மொதல்ல புடிச்சு வெச்சுக்கறது. வண்டி தேடறதுக்கு முன்னாடி மெக்கானிக்க தேடுங்கன்னு நான் சொன்னா எல்லாரும் தலையாட்டறாங்க, யாரும் செய்யறதில்ல. கோயம்புத்தூர்ல அந்த விஷயத்துல நாம கொடுத்து வெச்சவங்க, காரி மோட்டார் ஸ்பீட்வேங்கற ரேஸ் ட்ராக் இருக்கற ஊரு, ரேஸ் வண்டி தொட்ட கை நிறைய இருக்கு.

டெல்லி வண்டி சல்லிசா வருதுன்னு இழுக்கும். அங்க டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்னு கெடு வெச்சதால வயசான வண்டிய வெளி மாநிலத்துக்கு தள்ளி விட்டுட்டே இருந்தாங்க. கர்நாடகா, கேரளா, பாண்டிச்சேரி நம்பரும் நிறைய வரும், அதுலயும் விலை ஒசந்த வண்டிகள் வரி கம்மின்னு பாண்டில ரிஜிஸ்டர் ஆனது ஏராளம். வெளி மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா இங்க மறுபடி ரிஜிஸ்டர் பண்ணணும்ங்கறது மோட்டார் வாகனச் சட்டம். அந்த ஊரு ஆர்டிஓ கொடுக்கற என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சர்டிஃபிகேட்), நம்ம ஊரு லைஃப் டாக்ஸ், புது நம்பர், அலைச்சல் எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டு அப்பறம் சல்லிசான்னு சொல்லுங்க. லைஃப் டாக்ஸ் வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி குறையும், பழைய மாநிலத்துல கட்டின வரில மிச்ச காலத்துக்கு ரீஃபண்டு கேக்கலாம், ஆனா அது கைக்கு வர்றதுக்கு பொறுமை வேணும்.

போன்லயே பாதி முடிச்சுடுங்க

நேர்ல போறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர வாங்கி அரசோட பரிவாஹன் வெப்சைட்ல போட்டுப் பாருங்க. எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்ப முடியுது, பேங்க் லோன் இன்னும் ஏறியிருக்கா, எந்த மாசம் தயாரிச்சது எல்லாம் வந்துடும். இ சலான் தனியா பாருங்க, ஓவர்ஸ்பீடு சலானே பத்து இருந்தா ஓட்டின கை எப்படின்னும் தெரிஞ்சுடும்.

அப்பறம் ஓனர் கிட்ட கேக்க வேண்டியது: ஏன் விக்கறீங்க, சர்வீஸ் எங்க பண்ணீங்க, கடைசியா எப்ப என்ன மாத்தினீங்க, இன்சூரன்ஸ் க்ளெய்ம் எத்தனை, ரீமேப் இருக்கா, இருந்துச்சா. "இருந்துச்சா"ங்கறத மறக்காம கேளுங்க. நல்ல ஓனரு இதுக்கெல்லாம் சந்தோஷமா நிறுத்தி நிறுத்தி பதில் சொல்லுவாரு, வண்டியோட குறையையும் அவரே சொல்லுவாரு. என் வண்டிய வித்தவரு "தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல லேசா கூலன்ட் கசியுது, அத மாத்திடுங்க, அதுக்கு விலைல கழிச்சுக்கறேன்"னு போன்லயே சொன்னாரு. அந்த இன்ஜின்ல அந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கசியறது ஊரறிஞ்ச விஷயம், அத மறைக்காம சொன்ன மனுஷன நம்பித்தான் ஈரோடு வரைக்கும் போனேன்.

நேர்ல பாக்கறது

காலைல போங்க, வெளிச்சத்துல போங்க, மழைல போகாதீங்க, ஈரத்துல பெயின்ட் எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க, போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எதுக்கோ முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. கோல்டு ஸ்டார்ட்டுலதான் இன்ஜின் உண்மை பேசும், மொத மூணு நாலு செகண்டு கடகடன்னு செயின் சத்தம் வந்து அடங்குதான்னு காத குடுத்துக் கேளுங்க. சைலன்சர் பின்னாடி ஒருத்தர நிக்க வைங்க. நீலப்புகைன்னா ஆயில் எரியுது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிக்கலைனா கூலன்ட் உள்ள போகுது, கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா எரியுது.

பாடிக்கு வந்தா, பானட், ஃபெண்டர், கதவு கீல் இதோட போல்ட் தலைகள பாருங்க, ஸ்பேனர் போட்ட தடம் இருந்தா கழட்டி மாட்டியிருக்காங்க. ஒவ்வொரு கண்ணாடியிலயும் சின்னதா வருஷம் குறிச்சிருப்பாங்க, ஒண்ணு மட்டும் வேற வருஷம்னா அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கு. பெயின்ட் மீட்டர் வெச்சிருக்கறவங்கள கூட்டிட்டுப் போங்க, கம்பெனி பெயின்ட் சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான் காட்டும், 300, 500ன்னு எகிறுச்சுன்னா உள்ள பட்டி. ஒரு கதவு பெயின்ட் அடிச்சதுக்கெல்லாம் வண்டிய வேண்டாம்னு சொல்லாதீங்க, நம்ம ஊரு ரோட்டுல உரசாத வண்டி கிடையாது. பில்லர், ரூஃப், பானட்டுக்குள்ள இருக்கற சேஸிஸ் லெக் இதுல டிங்கரிங் இருந்தா மட்டும் ஒரு பேச்சும் பேசாம திரும்பிடுங்க.

வெள்ளத்துல நின்ன வண்டி. 2015 சென்னை வெள்ளம், 2018 கேரளா, 2023 மிக்ஜாம், ஒவ்வொண்ணுக்கு அப்பறமும் ஆயிரக்கணக்குல வண்டி முங்குச்சு, எல்லாமே ஸ்கிராப்புக்கு போகல, கழுவி காயவெச்சு வேற ஊருக்கு வந்துச்சு. நான் அட்வான்ஸ் கொடுத்து மாட்டினது இதுலதான். ஒரு டீலர் கிட்ட சென்னை நம்பர் லாரா, உள்ள நல்லா மணமா இருந்துச்சு, சீட் கவர் புதுசு, 25,000 கொடுத்துட்டு மறுநாள் மெக்கானிக்க கூட்டிட்டுப் போனேன். அவரு வேற எதையும் பாக்கல, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தாரு, அடில ஒரு சாண் அளவுக்கு காஞ்ச சேத்துக் கறை. அப்பறம் ஸ்டெப்னி குழி, முன் சீட் ரயிலு, கார்ப்பெட்டுக்கு அடில வயர் கனெக்டர் எல்லாத்துலயும் துரு. அட்வான்ஸ் திரும்ப வரல. தண்ணில நின்ன டர்போ பெட்ரோல் வண்டில எலக்ட்ரானிக்ஸ் ஒவ்வொண்ணா வருஷக்கணக்குல சாகும், எந்த விலைக்கும் வேண்டாம்.

டயர்ல நாலு நம்பர் ஒரு ஓவல் கட்டத்துல இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம். ட்ரெட் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினா மாத்தணும்னு விலைல கழிங்க. நாலு டயரும் நாலு கம்பெனியா இருந்தா அந்த ஓனர் வேற எதுலயும் காசு செலவு பண்ணியிருக்க மாட்டாருன்னு எடுத்துக்கலாம், 200 ஹார்ஸ்பவர் வண்டிக்கு ரோட்டோட இருக்கற ஒரே தொடர்பு அந்த டயர்தான்.

ஓட்டிப் பாக்கறது

குறைஞ்சது 20 கிலோமீட்டர். பாட்ட நிறுத்திடுங்க. மொதல்ல மெதுவா, டிராஃபிக் இருக்கற பக்கமா. டிஎஸ்ஜி வண்டில பிரேக்க விட்டதும் சீரா நகரணும், ஒண்ணுல இருந்து ரெண்டு விழறப்ப உடம்பு அதிருதுன்னா கிளட்ச் தேஞ்சிருக்கு. ரிவர்ஸ்ல ஒரு மேட்டுல ஏத்திப் பாருங்க, அங்க மாட்டும். மேனுவல் வண்டின்னா டாப் கியர்ல மெதுவா போயிட்டே முழுசா மிதிங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைனா கிளட்ச் வழுக்குது.

டெம்பரேச்சர் நடுவுக்கு வந்த பிறகுதான் முழு ஆக்சிலரேட்டர். ரோடு காலியா இருக்கணும், ஓனர் கிட்ட சொல்லிட்டு பண்ணணும். டர்போ ஒரே சீரா இழுக்கணும், நடுவுல விக்கினா ப்ளக்கு, காயில், இல்ல இன்டேக் வால்வுல கார்பன். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்ல பெட்ரோல் வால்வ கழுவறதில்ல, அதனால கார்பன் படியறது சகஜம், சுத்தம் பண்ணிடலாம். 80ல இருந்து நேரா பிரேக் புடிங்க, ஸ்டியரிங் ஆடுனா டிஸ்க் வளைஞ்சிருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு வீல் மட்டும் ஏத்தி எறக்குங்க, டக்குன்னு சத்தம் வந்தா புஷ்ஷோ ஆர்மோ.

இதெல்லாம் பண்ணறப்ப வண்டி மேல ஆசை வந்துடும், வரத்தான் செய்யும், அதனால கூட ஒருத்தர் வரணும். அவருக்கு அந்த வண்டி மேல ஆசை இருக்கக் கூடாது.

ராம்ப், ஸ்கேனர்

இது வரைக்கும் பாஸ் ஆன வண்டிய உங்க மெக்கானிக் கிட்ட எடுத்துட்டுப் போங்க, அதுக்கு ஓனர் ஒத்துக்கலைனா வேற வண்டி பாருங்க. ராம்ப்ல ஏத்தினா கீழ ஆயில் கசிவு, டிரைவ் ஷாஃப்ட் பூட்டு கிழிசல், அடில இடிச்ச தடம் எல்லாம் தெரியும். ஸ்கேனர் சும்மா இன்ஜின் கோடு மட்டும் காட்டற சின்னதா இருந்தா பத்தாது, அந்த பிராண்டுக்கான முழு ஸ்கேன், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லா மாட்யூலும் வரணும். டிஎஸ்ஜில ரெண்டு கிளட்ச்சோட மிச்சம் எவ்வளவு, எவ்வளவு சூடு ஏறியிருக்குன்னு கூட அதுல படிக்கலாம். இன்னொரு விஷயம், எல்லாம் ரொம்ப சுத்தமா இருந்து, ஆனா ரெடினஸ் டெஸ்டுங்க (வண்டி கம்ப்யூட்டர் தானே பண்ணிக்கற சோதனை) இன்னும் முடியலன்னு காட்டுச்சுன்னா யாரோ இப்பதான் எரர் கோட அழிச்சிருக்காங்க. 50 கிலோமீட்டராவது ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.

ஓடோமீட்டர திருப்பற கூத்து இன்னும் நடக்குது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ஓனரையே கூட்டிட்டுப் போய் ஹிஸ்டரிய பிரிண்ட் எடுங்க. 40,000 ஓடின வண்டில ஸ்டியரிங் லெதர் வழுவழுன்னு, பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு இருந்தா சந்தேகப்படணும்.

மாடிஃபை பண்ண வண்டிய பத்தி: சத்தமான எக்சாஸ்ட், பெரிய இன்டேக், இறக்கின ஸ்பிரிங் இதுக்கெல்லாம் அவங்க செலவு பண்ண காச விலைல சேப்பாங்க, நாம சேக்கக் கூடாது. ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தறது சட்டப்படி தப்பு, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்க கை விரிக்க அது ஒரு காரணம் ஆயிடும். ஸ்டாக் வண்டிய வாங்குங்க.

பேரம், அட்வான்ஸ்

மெக்கானிக் சொன்ன வேலைகளுக்கு பார்ட்ஸ் விலை விசாரிச்சு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. சும்மா "கொறைச்சுக்கங்க"ன்னு கேக்கறத விட "டயர் நாலு, முன் டிஸ்க், பேட், இவ்வளவு ஆகுது"ன்னு பேப்பர வெச்சா பேச்சு சீக்கிரம் முடியும், ஓனரும் சங்கடப்பட மாட்டாரு. அட்வான்ஸ் கொடுத்தா எவ்வளவு, எதுக்கு, எந்த சூழ்நிலைல திரும்பக் கொடுக்கணும்னு எழுதி கையெழுத்து வாங்குங்க, பேங்க் வழியா அனுப்புங்க. நான் அன்னிக்கு ரொக்கமா கொடுத்தேன், துண்டுச்சீட்டு கூட இல்ல, அதனாலதான் போச்சு.

பேப்பர் வேலை

ஃபார்ம் 29 விக்கறவரு தெரிவிக்கறது, ஃபார்ம் 30 பேர் மாத்தச் சொல்ற விண்ணப்பம். லோன் இருந்த வண்டின்னா பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35உம், வேற ஆர்டிஓ எல்லைக்கு போகுதுன்னா ஃபார்ம் 28. பேங்க் லோன் பாக்கி இருக்கற வண்டில "நீங்க காசு குடுங்க, நான் க்ளோஸ் பண்ணிட்டு என்ஓசி தர்றேன்"னு சொன்னா, காச நேரா அந்த லோன் அக்கவுன்டுக்கே கட்டுங்க.

வண்டிய எடுக்கற அன்னிக்கு டெலிவரி நோட் ஒண்ணு எழுதி தேதி, மணி, ஓடோமீட்டர் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கங்க. அந்த மணிக்கு முன்னாடி வந்த சலான் அவரோடது, அப்பறம் வந்தது உங்களோடது. வாங்கினவரு 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும், இன்சூரன்ஸ உங்க பேருக்கு மாத்த 14 நாள். பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் அவரோடயே போயிடும், வித்தியாசத் தொகைய நீங்க கட்டணும். பேர் மாத்தாம ஓட்டி சொந்த வண்டிக்கு டேமேஜ் ஆச்சுன்னா க்ளெய்ம் நிக்காது, இந்த ரெண்டு வாரத்துல அவசரப்பட்டு மிதிக்காதீங்க. ஃபாஸ்டேக் அவரோடத அவரு க்ளோஸ் பண்ணணும், நீங்க புதுசு போடணும்.

மொத மாசம்

அவரு போன மாசம்தான் மாத்தினேன்னு சொன்னாலும் இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டரும், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், ப்ளக்கு மாத்திடுங்க. டிஎஸ்ஐக்கு கண்ட ஆயில ஊத்தக் கூடாது, வண்டியோட வந்த மேனுவல் புக்குல போட்டிருக்கற ஸ்பெக் நம்பர் கேன்ல இருக்கணும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் எந்த ஆக்டேன்னு எழுதியிருக்கும், 95ன்னு இருந்தா 95 போடுங்க. டயர் பழசுன்னா மொத வாரமே மாத்துங்க, மியூசிக் சிஸ்டம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

வண்டியோட முழு பவர ரோட்டுல தேடாதீங்க, இத ரொம்ப கெஞ்சியே கேட்டுக்கறேன். மேட்டுப்பாளையம் ரோட்டுல எதிர்ல வர்ற டிவிஎஸ் எக்ஸல்காரருக்கு நம்ம வண்டி 180 ஹார்ஸ்பவர்னு தெரியாது. செட்டிபாளையம் காரி ட்ராக்லயும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்லயும் சொந்த வண்டிய ஓட்ட விடற ட்ராக் டே அப்பப்ப நடக்குது, ஹெல்மெட்டோட போங்க. நான் மொத தடவ காரில ஓட்டினப்பதான் பிரேக் எவ்வளவு சீக்கிரம் சூடாகி கால் கீழ மெத்துன்னு ஆகுதுன்னு தெரிஞ்சுது, அன்னிக்கு வந்து மொத வேலையா பிரேக் ஃப்ளூயிட்ட மாத்தினேன். ட்ராக்ல ஆகற டேமேஜுக்கு சாதாரண இன்சூரன்ஸ் கிடைக்காது, அதையும் தெரிஞ்சுட்டுப் போங்க.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் அதே மெக்கானிக் கிட்ட மறுபடி ராம்ப்ல ஏத்தி ஒருதடவ ஸ்கேன் பண்ணுங்க. ஆயில் டிப் ஸ்டிக்க வாரா வாரம் சமதரைல நிறுத்தி பாத்து, எவ்வளவு குறையுதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க. அந்த நோட்டையும் மொத பில்லையும் சேத்து அன்னிக்கே ஒரு ஃபைல்ல போட்டுடுங்க.